கேடயத்து வாசகம்

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுகிறேன். தொட்டி நிரம்ப நேரமாகும். அதற்குள் பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைக்கிறேன். பல் துலக்குகிறேன். பால் பொங்கும்வரை அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். டீயை நின்றுகொண்டே குடிக்கிறேன். சட்டை தேய்க்கிறேன். மோட்டாரை நிறுத்துகிறேன். வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போய், திரும்ப வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். பூட்டித்தான் இருக்கிறது.

வார நாட்களில் மீமிசல் பக்கம் போவேன். இறால் பண்ணைகளுக்குத் தீவனம் விற்கும் நிறுவனத்தில் எனக்குக் கள மேற்பார்வையாளர் வேலை. சனியும் ஞாயிறும் திருவரங்குளத்தில் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு, கல்லூரிக்கு. அது ஒரு கிறிஸ்தவக் கல்லூரி. வேலை பார்ப்பவர்களுக்கென்று இரண்டு வருடப் பட்டம் ஒன்று நடத்துகிறார்கள். மேலாண்மையும் அறநெறியும். அது இருந்தால் ஏரியா மேனேஜர் ஆகலாம் என்று என் மனைவி கார்த்திகாதான் சேர்த்துவிட்டாள்.

"மேனேஜ்மென்ட் ஒங்களுக்கு வராது. அறநெறியாவது வருதான்னு பாப்போம்" என்றாள்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை மதியம் நான் கல்லூரியில் இருந்தபோது அவள் வீட்டில் விழுந்து இறந்துபோனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார்கள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வகுப்பில் பின்கதவோரம் நின்றுகொண்டே பாடம் கேட்டேன். பாடத்தின் ஒருங்கிணைப்பாளர் அருள்தாஸ் சார் கண்டிக்கவில்லை. "நில்லுங்க. நின்னா தூக்கமாவது வராது" என்று சிரித்தார். பல சனிக்கிழமைகளில் வகுப்புவரைக்கும் போகவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எது கிளம்புகிறதோ அதில் ஏறி, அறந்தாங்கிவரை போய்த் திரும்பி வருவேன். பஸ் ஓடிக்கொண்டிருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. நின்றால் இறங்கிவிடத் தோன்றும்.

வருகைப்பதிவு குறைந்தது. தேர்வு எழுத விட முடியாது என்று முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். முதல்வர் ஒரு பாதிரியார். துணைக்கு என் வகுப்பு கோபிநாத் வந்தான். தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் செக்கிங் இன்ஸ்பெக்டர். யாரிடமும் பேசிச் சமாளிப்பான். நான் பேசாமல் நின்றேன். அவன் பேசினான்.

"ஃபாதர், அன்னிக்கு மத்தியானம் இவன் வீட்டுல இருந்து போன் வந்தப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். அந்தப் புள்ள கடைசியாச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். எது நடந்தாலும் படிப்ப முடிச்சிருங்கன்னுச்சு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவன் இந்த மட்டுக்கும் வந்துக்கிட்டிருக்கான்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அனுமதி கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னடா பங்காளி இது?"

"வேற என்னத்தச் சொல்லச் சொல்ற? பய பஸ்ஸுல சும்மா சுத்திக்கிட்டுத் திரியிறான்னா? எங்க கம்பெனி வண்டியிலயே ஒன்ன ரெண்டு தடவ பாத்தேன்."

"அவ அப்புடிச் சொல்லலடா."

"சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்ப? போடா. வா, டீ குடிப்போம்."

அந்தப் பருவத்தில் அறநெறித் தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கோபிநாத்துக்குத்தான்.

அந்த வாக்கியம் முதல்வர் அறையோடு நிற்கவில்லை. அடுத்த வாரமே வகுப்புத் தொடக்க ஜெபத்தில் வந்தது. பிறகு கரும்பலகையில், இன்றைய சிந்தனை என்று எழுதும் மூலையில் வந்தது. வகுப்பில் இருந்த நர்சம்மா ஒருவர் அதைப் பார்த்து அழுதார். நான் வராந்தாவுக்குப் போய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அவள் பேசிய ஒவ்வொன்றையும் நான் மனதுக்குள் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. இந்த வாக்கியம் நடுவில் வந்து நின்றது. சில சமயம் இதையே அவள் குரலில் கேட்கத் தொடங்கினேன். அதுதான் பயமாக இருந்தது.

நிறைவு விழாவுக்கு முதல் நாள் அருள்தாஸ் சார் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத கேடயம் ஒன்று இருந்தது.

"கஷ்டத்துலயும் படிப்ப விடாதவங்களுக்கு, கார்த்திகா பேர்ல வருஷா வருஷம் பரிசு. மொத வருஷம் ஒங்களுக்கு. அவங்கம்மாவையும் கூப்புட்டாச்சு."

கேடயத்தில் பொன்னிற எழுத்தில் இருந்தது: 'எது நடந்தாலும் படிப்பை முடித்துவிடுங்கள்.' கீழே அவள் பெயர். எழுத்துப் பிழை இல்லை. கார்த்திகா தன் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு வாக்கியத்தைப் பேசியதில்லை.

"சார், இத அவ சொல்லல" என்றேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கோபியா?"

"நல்லதுக்குத்தான் சொன்னான்."

"அட்டெண்டன்ஸுக்கு இது தேவையே இல்லியேப்பா. வீட்டுல சாவுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தாப் போதுமே." நெற்றியைத் தடவினார். "நான் வேற இத நாலு ஜெபத்துல சொல்லிட்டேன்."

கேடயத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

"சரி. அவங்க நெசமா என்ன சொன்னாங்க? அதையே மேடையில சொல்லிருவோம். கேடயத்தப் பெறகு மாத்திக்கலாம்."

"அதச் சொல்ல முடியாது சார்."

"ஏன், கோவமா ஏதும் பேசினாங்களா?"

"இல்ல. எங்க அத்த வர்றாங்க. அவங்க முன்னால முடியாது."

அவர் மேலே கேட்கவில்லை. "ஒங்களுக்கு மைக்ல ரெண்டு நிமிஷம் இருக்கு. ராத்திரிக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க. இத எடுக்கச் சொன்னா எடுத்துர்றேன்" என்றார்.

யோசித்தேன். சொல்லவில்லை.

கார்த்திகாவின் அம்மா பிரகதாம்பாள் கறம்பக்குடியில் இருக்கிறார். புரட்டாசி மாதம் முழுக்க அவர் வீட்டில் கவிச்சி கிடையாது. மகள் வீட்டிலும் அப்படித்தான் என்று நம்பியிருந்தார். தினமும் போன் செய்வார். நலமா என்றுகூடக் கேட்பதற்கு முன்னால் கேட்பது, என்ன கொழம்பு என்பதுதான். அந்த வெள்ளிக்கிழமை மீமிசலிலிருந்து நான் பாறை மீன் வாங்கிவந்திருந்தேன். வெள்ளிக்கிழமை மீன் சமைக்கக் கூடாது என்று கார்த்திகா அதை ஃப்ரிட்ஜில் வைத்தாள். மறுநாள் குழம்பு வைத்தாள். புரட்டாசிச் சனிக்கிழமை.

மதிய இடைவேளையில் அவள் போன் செய்தபோது அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் போனை வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து அத்தை என்னைக் கூப்பிட்டார். அவ போன எடுக்கல, என்ன கொழம்பு மாப்ள என்றார். நான் வேறொன்றைச் சொன்னேன். அப்போதே அவள் விழுந்து கிடந்திருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், சாமி குத்தத்தில்தான் மகள் போனாள் என்று அத்தை நினைக்கலாம். மிச்ச நாள் முழுக்க அந்த நினைப்போடு அவர் இருக்க வேண்டும். சொல்லாவிட்டால், கேடயத்தில் இருப்பவள்தான் கார்த்திகா என்றாகிவிடும். நானே அவளைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

விழா அன்று அத்தை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் சுவரோரம் நின்றேன்.

"ஒக்காருங்க மாப்ள. நீங்க நிக்கிறதப் பாத்தா எனக்குக் காலு வலிக்குது."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். தொகுத்து வழங்கிய பெண் பரிசைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். கேடயத்து வாசகத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். கைதட்டல் நிற்க நேரமானது.

அத்தை தட்டவில்லை. என் பக்கம் சாய்ந்தார். "இது யாரு சொன்னது?"

"கார்த்திகான்னு சொல்றாங்க."

"எம் மகளா? கணக்கு டியூசன்ல இருந்து செவரேறிக் குதிச்சு வந்தவ. அவ சொன்னாளாக்கும், படிப்ப முடிங்கன்னு."

மேடையில் முதல்வர் பேச ஆரம்பித்திருந்தார். அத்தை குரலை இன்னும் தாழ்த்தினார்.

"அன்னிக்கு என்ன கொழம்புன்னு கேட்டேன். வெண்டக்கான்னீங்க."

"ஆமா அத்த."

"சட்டியக் கழுவுனது நானு."

அவரைப் பார்க்க முடியவில்லை. மேடையைப் பார்த்தேன்.

"ஒங்க சனமெல்லாம் வந்து சேர்றதுக்குள்ள கழுவிக் கவுத்துட்டேன். புரட்டாசியில மீனு தின்னாளான்னு எம் மகள ஒருத்தர் ஒரு சொல்லு சொல்லிறக் கூடாதுல்ல."

"அத்த, நான் எதுக்கு மறைச்சேன்னா..."

"தெரியும் தெரியும். மீனு தின்னதுக்கா சாமி உசுர எடுக்கும்? அப்புடிப் பாத்தா மீமிசல்ல ஒரு ஆளு மிஞ்சுமா?" சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "எனக்கு அது இல்ல மாப்ள. சட்டியில ரெண்டு துண்டு அப்புடியே கெடந்துச்சு. தின்னுட்டு விழுந்தாளா, திங்காம விழுந்தாளா? அன்னையில இருந்து அதான் கேக்கணும் கேக்கணும்னு. ஒங்க மூஞ்சியப் பாத்தா கேக்க வாய் வரல."

"சாப்ட்டா அத்த. சாப்ட்டுக்கிட்டேதான் பேசுனா."

"நெசமாவா?"

"சத்தியமா."

அவர் தலையை ஆட்டினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். "என்ன பேசுனா?"

அதற்குள் மேடையில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஏறினேன். முதல்வர் கேடயத்தைக் கொடுத்தார். கனமாக இருந்தது. மைக் முன்னால் போய் நின்றேன். மூன்றாவது வரிசையிலிருந்து கோபிநாத் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அருள்தாஸ் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதில் எழுதியிருப்பது என் மனைவி சொன்னதில்லை" என்றேன். "எனக்கு நல்லது நினைத்து ஒரு நண்பன் சொன்னது. அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான்தான் மறுக்காமல் இருந்துவிட்டேன். இதற்காகப் பட்டம் இல்லையென்றாலும் சரி."

முதல்வர் என் பக்கம் திரும்பினார். கோபிநாத்தின் கை இறங்கியது.

நான் அத்தையை மட்டும் பார்த்தேன். சரியாகக் காதில் விழ வேண்டும் என்று நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். என் கால்கள் அசையாமல் நின்றிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். கேடயத்தைக் கீழே வைத்தேன். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு அவள் பேசியதை, அவள் பேசியபடியே சொன்னேன்.

"முள்ளே இல்லங்க, அவ்வளவு நல்லாருக்கு. ராத்திரிக்கு ஒங்களுக்கு ரெண்டு துண்டு எடுத்து வச்சிருக்கேன். சரி வைங்க, கையெல்லாம் கொழம்பு. அம்மா கேட்டா வெண்டக்கான்னு சொல்லிருங்க."