பனிமூட்டத்தில் திறந்த கதவு

ஆறே முக்காலுக்கு ஓத்வார் உலையின் வாயைத் துளைத்தான். களிமண் அடைப்பு பொடிந்து விழ, உருகிய மாங்கனீசு வெள்ளை வெளேரென்று கால்வாயில் பாய்ந்து கொப்பரைக்குள் விழுந்தது. தீப்பொறி அவன் முகக் கண்ணாடியில் மோதித் தெறித்தது. வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. நான் இருபது மீட்டர் உயரத்தில், கிரேன் கூண்டுக்குள் இருந்தேன்.

"குன்வோர், கொப்பரைய ஒரு சாண் கடல் பக்கமா தள்ளு" என்றது கைவானொலியில் ஓத்வாரின் குரல்.

"யாரு சாண்? உன் சாணா, சிக்னே சாணா?"

"என்னோடது. அவ சாணுக்குத் தள்ளினா என் பூட்சுல ஊத்துவ."

"ரெண்டு பேரும் வாயடிச்சது போதும், கால்வாயைப் பாருங்க" என்றாள் கீழே கம்பியோடு நின்ற சிக்னே. எங்கள் குழுவின் தலைவி அவள். தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதியும் அவள்தான்; ஆபத்தென்றால் வேலையை நிறுத்த அவளுக்குச் சட்ட உரிமை உண்டு.

அதற்குள் புகை ஏறிவிட்டது. பழுப்புப் புகை. முன்பெல்லாம் உலை வாய்க்கு மேலிருக்கும் உறிஞ்சு விசிறிகள் அதை அப்படியே இழுத்து வடிகட்டிப் பைகளுக்குள் தள்ளிவிடும். ஆறு வாரமாக விசிறிகள் பாதி வேகத்தில் ஓடுகின்றன. புதிய திட்டம். புகை கீழே இருப்பவர்களின் தோளைத் தழுவிவிட்டு நேராக என்னிடம் வருகிறது. கூண்டின் கதவு இடுக்கில் நுழைகிறது. நாக்கில் பழைய நாணயத்தைச் சப்பியது போல ஒரு ருசி.

"ஓத்வார், வெளிய பனி இருக்கா?"

"மலையவே காணோம்."

"அப்ப திறக்கிறேன்."

கூண்டிலிருந்து இறங்கி, நடைபாலத்தின் முனைக்குப் போய், கூரைக் கதவின் நெம்புகோலை இழுத்தேன். புகை மேலே போயிற்று. மூச்சு வந்தது.

கூரைக் கதவு ஆபத்துக் காலத்துக்கு மட்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறது. தெளிந்த நாளில் திறந்தால் ஊரே பார்க்கும், கேள்வி வரும். அதனால் நான்கு ஷிப்டிலும் கிரேன் ஓட்டுபவர்கள் பேசி வைத்துக்கொண்டது இது: பனி மூடிய நாளில் மட்டும் திறப்பது. பனியில் பனியாகக் கலந்து போய்விடும் என்று நினைத்தோம். அன்று பனி கலையவே இல்லை. சாப்பிட இறங்கும்போதுதான் கதவை மூடினேன்.

பதினொன்றரைக்குச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தோம். ரிமாஸ் மட்டும் தொலைபேசியைப் பார்த்தபடி நின்றான். லித்துவேனியாவிலிருந்து வந்தவன். எங்களைப் போல ஆலையின் சம்பளக்காரன் இல்லை, ஆள் அனுப்பும் கம்பெனி மூலம் வந்தவன். போன வருஷம் இங்கேதான் மகள் பிறந்தாள்.

"இது என்னதுன்னு யாராவது சொல்லுங்க" என்று தொலைபேசியை மேசையில் வைத்தான்.

குழந்தைகள் காப்பகத்தின் முற்றம். எங்கள் ஊரில் பிள்ளைகள் தள்ளுவண்டியில், வெளிக்காற்றில்தான் பகல் தூக்கம் தூங்கும், பனியானாலும் உறைகுளிரானாலும். எட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. எட்டின் மேலும் பழுப்பாக ஒரு படலம். ஒரு வண்டியின் மூடியில் யாரோ விரலால் கோடு இழுத்திருந்தார்கள். கோட்டுக்கு அடியில் துணியின் நீலம் தெரிந்தது.

"அந்த நீலம் என் மக லீபாவோடது" என்றான் ரிமாஸ். "மூக்கத் துடைச்சிருக்காங்க. துணி காப்பித்தூள் கொட்டின மாதிரி ஆயிடுச்சாம்."

யாரும் ரொட்டியைத் தொடவில்லை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பனி என்பது ஊருக்கு மேல் கவிழ்த்த மூடி. காற்று இருக்கும் நாளில் புகை கடலுக்குப் போகும். மூடிக்கு அடியில் அது எங்கே போகும்? சரிவில் வழிந்து, காப்பகத்து முற்றத்தில்தான் இறங்கும். வருஷத்தில் எந்த நாளில் திறக்கவே கூடாதோ, அந்த நாட்களாகப் பொறுக்கியெடுத்துத் திறந்திருக்கிறோம்.

ஓத்வார் எழுந்தான். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பின்னோக்கி நடந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது அடியில் கால் பின்னி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன விளையாட்டு இது?" என்றாள் சிக்னே. ஆனால் அவள் குரலில் கோபம் இல்லை. மாங்கனீசுத் தூசு உடம்பில் ஏறினால் முதலில் பின்னோக்கி நடப்பது தடுமாறும், பிறகு கை நடுங்கும், பிறகு முகம் மரத்துப்போகும். இந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை.

"தெனம் காலைல குளியலறையில நடந்து பாக்குறேன்" என்றான் ஓத்வார். "கோடைல பத்து அடி போனேன். இந்த வாரம் மூணுதான். பெரியவன் என் கதை இருக்கட்டும். அந்தப் புள்ளைங்க இன்னும் முன்னாலயே நடக்கக் கத்துக்கல."

வாயைத் திறந்தால் என் வேலை போகும். திறக்காவிட்டால் நாளையும் பனி வரும்.

"ரிமாஸ், கூரைக் கதவைத் திறந்தது நான்தான்."

அவன் என்னைப் பார்த்தான். "நீயா?"

"மேல மூச்சு முட்டுச்சு. பனில கரைஞ்சிடும்னு நெனச்சேன்."

"கரையிற சாமானா அது, குன்வோர்? தெனம் கொப்பரையில நீதான தூக்குற?"

அவன் நாற்காலியை உதைத்துவிட்டு வெளியே போனான். மருத்துவரிடம் மகளை உடனே கொண்டுபோகச் சொல்லி மனைவியிடம் தொலைபேசியில் கத்துவது சுவரைத் தாண்டிக் கேட்டது.

ஒரு மணிக்கு ஆலை நிர்வாகி ஹெனிங் உலைத்தளத்துக்கே வந்தான். காப்பகத்திலிருந்து அலுவலகத்துக்கும் பேசியிருந்தார்கள். கசங்காத பாதுகாப்புச் சட்டை, புதுத் தலைக்கவசம்.

"கதவைத் திறந்தது யாரு?"

"விசிறியப் பாதியாக்கினது யாரு?" என்றாள் சிக்னே.

"அது சுற்றுச்சூழல் திட்டம். மின்சாரம் மிச்சமாகுது. புகைபோக்கில மீட்டர் பாத்தியா? பழைய அளவுல பாதிதான் வெளிய போகுது. அந்த எண்ணப் பாத்துத்தான் கார் கம்பெனிக்காரன் நம்ம உலோகத்த வாங்குறான்."

"மீட்டர் புகைபோக்கில இருக்கு. புகை கூரை வழியாப் போகுது. உள்ள இழுத்தாத்தானே மீட்டர் காட்டும், ஹெனிங்? நீ பாதிப்பக் கொறைக்கல. மீட்டர் இல்லாத எடத்துக்கு மாத்தி வச்சிருக்க. எங்க நெஞ்சுல ஒண்ணும் மாட்டி வைக்கலியே!"

ஹெனிங் குரலைத் தாழ்த்தி என் பக்கம் திரும்பினான். "குன்வோர், நான் உனக்கு எதிரி இல்ல. எனக்கும் மேல ஆள் இருக்காங்க. தெரியாமத் திறந்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு. எச்சரிக்கையோட போயிடும். கதவ இன்னிக்கே பற்றவச்சு மூடிடலாம். காப்பகத்துக்கும் நிம்மதி."

"விசிறி?" என்றேன்.

"அது திட்டப்படி ஓடும்."

கதவும் மூடி, விசிறியும் பாதி. அந்தக் கூண்டுக்குள் நான் மட்டும். ஒரு வரிதான், எழுதிக் கொடுத்துவிடலாம் என்றும் தோன்றியது. அதை மறைக்க மாட்டேன். கடன் இல்லாவிட்டாலும் வயது இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதுக்காரிக்கு இந்தக் கடலோரத்தில் வேறு யார் வேலை தருவார்கள்?

"எழுத மாட்டேன்" என்றேன். "தெரிஞ்சேதான் திறந்தேன். ஏன் திறந்தேன்னு தொழிலாளர் ஆய்வாளர் வந்து கேக்கட்டும், சொல்றேன்."

சிக்னே கைவானொலியை எடுத்தாள். "கட்டுப்பாட்டு அறை, உலைக்குக் கரண்டைக் கொறைங்க. பாதுகாப்புப் பிரதிநிதியா நான் இந்தத் தளத்துல வேலைய நிறுத்துறேன். ஆய்வாளருக்குச் சேதி போகுது. விசிறி முழு வேகத்துல ஓடுற வரைக்கும் உலை வாயத் திறக்க மாட்டோம்."

"உலை உறைஞ்சா?" என்றான் ஹெனிங். "உறைஞ்சுதுன்னா உடைச்சுத்தான் எடுக்கணும். ஊரே போச்சு. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். கொறைச்சு வச்சா நாளைக் காலை வரைக்கும் தாங்கும். விசிறி வேகத்தக் கூட்ட உனக்கு ஒரு நிமிஷம் போதும்."

அவளுக்கும் பயம். கம்பியைச் சுவரில் சாய்க்க இரண்டு தடவை முயன்றாள்.

பழுது பார்க்கும்போது எங்கள் ஆலையில் ஒரு முறை உண்டு. இயந்திரத்தின் விசையை அணைத்து, துவாரங்கள் உள்ள ஒரு கொக்கியை மாட்டி, உள்ளே போகிற ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய சொந்தப் பூட்டை அதில் போடுவார்கள். ஒரே ஒரு பூட்டு தொங்கினாலும் விசையைப் போட முடியாது. அடுத்தவர் பூட்டை நிர்வாகியேகூடத் தொடக் கூடாது. சிக்னே உலை வாயைத் துளைக்கும் கருவியின் விசையை அணைத்தாள். கொக்கியை மாட்டினாள். தன் சிவப்புப் பூட்டைப் போட்டாள்.

ஓத்வார் வந்தான். "முன்னாலயாவது நடக்க முடியிறப்பவே போட்டுடுறேன்" என்று பூட்டை அழுத்தினான்.

என் பூட்டு துவாரத்தில் நுழைய மறுத்தது. கை நடுங்கியது. பயத்தாலா, தூசியாலா என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. ஓத்வார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கிளிக்.

ரிமாஸ் தூணோரம் நின்றுகொண்டிருந்தான்.

"ரிமாஸ்," என்றான் ஹெனிங், "நீ இவங்க ஆளு இல்ல. உன் கம்பெனிக்கு நான் ஒரு போன் போட்டாப் போதும்."

"போடு. நம்பர் இருக்கா, நான் தரட்டுமா?" என்று சொல்லிவிட்டு ரிமாஸ் நேரே என்னிடம் வந்தான். குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். அவன் கையமர்த்தினான்.

"ரத்தம் எடுத்திருக்காங்க. நாளைக்குத் தெரியும். உன்ன நான் மன்னிக்கல. அத அப்புறமா வச்சுக்குவோம். இப்பத் தள்ளு."

நகர்ந்தேன். அவன் பூட்டு நான்காவதாகத் தொங்கியது.

இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்ட் வந்தது, மூன்று பேர். ஹெனிங் அவர்களை வழிமறித்து ஏதோ சொன்னான். அவர்களின் கிரேன்காரன் ஆஸ்பியோர்ன் அவனைச் சுற்றிக்கொண்டு வந்து பூட்டுகளில் இருந்த பெயர்களைப் படித்தான்.

"விசிறி?"

"இன்னும் பாதிதான்" என்றாள் சிக்னே.

"காப்பகத்துல?"

"எட்டு வண்டி" என்றான் ரிமாஸ்.

"நானும் திறந்திருக்கேன். போன வாரம், அதுக்கு முந்தின வாரம். பனியாத்தான் இருந்துச்சு." ஆஸ்பியோர்ன் இடுப்பிலிருந்த பூட்டைக் கழற்றி மாட்டினான். அவன் பின்னால் வந்தவன் ஆறாவது பூட்டைப் போட்டான். கொக்கியில் ஆறு துவாரங்கள்தான்.

மேலே அலுவலகத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. உலைக்குள் உலோகம் மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. ஹெனிங் மணியைப் பார்த்தான். நானும் பார்த்தேன். நாளைக் காலை வரைதான்.

மூன்றாவதாக வந்தவள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல எடமே இல்லியே."

"சாமான் அறைல இன்னும் இருக்கு" என்று ஓத்வார் திரும்பினான். "ரிமாஸ், ஓடு. கொக்கி ஒண்ணு பத்தாது. ராத்திரி ஷிப்டுக்கும் சேத்து எடுத்துட்டு வா."