தலைசாய்ப்பில் மாட்டிய மஞ்சள் தொப்பி

கதை எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை என்பதை அறிவேன். முதல் முயற்சி இது; பிழை இருப்பின் வாசிப்போர் பெரிய மனது பண்ணிப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஒரே நாளில் மூன்று மலையூர்கள், மூன்று கோட்டைகள் என்பது அந்தச் சுற்றுலாப் பேருந்தின் ஏற்பாடு. வழிகாட்டிப் பெண் பயணிகள் இருபத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி கொடுத்திருந்தாள். தெருவார் தபாலம்மா என்றழைக்கும் ஓய்வுபெற்ற அஞ்சல் எழுத்தருக்கு மலை வளைவுகள் ஒத்துக்கொள்ளாது. ஆகவே எலுமிச்சம்பழமும் கையுமாக ஓட்டுநருக்குப் பின்னால் அமர்ந்துகொண்டார். நாற்பது வருடம் பூட்டு பழுதுபார்த்த அவருடைய கணவரோ, கடைசி வரிசை ஜன்னலோரம்தான் வேண்டுமென்று அடம்பிடித்தார்.

ஆறு மாதமாக அவருக்கு மறதி. சொந்தத் தெருவிலேயே இருமுறை வழி தப்பியிருந்தார். தனியே விடக்கூடாது என்று மருத்துவர் சொன்னதைத் தபாலம்மா மகளிடம்கூட மூச்சுவிடவில்லை. இந்த ஒரு நாள் நல்லபடியாகக் கழிந்தால் அவரை இன்னும் சில காலம் வெளியே அழைத்துப் போகலாம். இல்லையேல் வீடே கதி.

முதல் கோட்டையைப் பார்த்துவிட்டு அவர் பேருந்தில் ஏறியதைக் கண்ணாரக் கண்ட பிறகே தபாலம்மா வாந்தி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்தார். வழிகாட்டிப் பெண் முன்னால் நின்றபடி எண்ணினாள். இருபத்திரண்டு. வண்டி புறப்பட்டது.

இரண்டாவது மலையூரில் எல்லோரும் இறங்கினார்கள், கணவரைக் காணோம். தபாலம்மா கடைசி வரிசைக்கு ஓடினார். இருக்கையின் தலைசாய்ப்பில் தொப்பி மட்டும் மாட்டியிருந்தது. இடம் பிடித்து வைத்துவிட்டு மனிதர் மறுபடி இறங்கியிருக்கிறார்!

"எண்ணினேனேம்மா! இருபத்திரண்டு சரியா இருந்துச்சே!" வழிகாட்டிப் பெண்ணுக்கு அழுகை முட்டியது.

"தலையை எண்ணச் சொன்னா தொப்பியை எண்ணியிருக்கே," என்றார் ஓட்டுநர்.

"அவருக்கு மறதிங்க," தபாலம்மாவின் குரல் உடைந்தது. "வீட்டு விலாசம்கூடச் சொல்லத் தெரியாது. கைபேசியும் என் பையிலதான் இருக்கு."

அத்தனை பேர் முன்னிலையில் சொல்லியாகிவிட்டது. காலையிலிருந்து எல்லாவற்றையும் குறைசொல்லி வந்த பெரியவர்தான் முதலில் ஏறி உட்கார்ந்தார்.

"நானூறு வருஷம் நின்ன கோட்டை நாளைக்கும் நிக்கும். வண்டியைத் திருப்புப்பா!"

அதே வளைவுகள். எலுமிச்சம்பழம் எங்கோ உருண்டு போயிற்று. குமட்டல் என்ற ஒன்று உண்டென்பதே தபாலம்மாவுக்கு மறந்துபோயிற்று.

முதல் கோட்டையின் வாயிற்படியில் காவலாளியும் கணவரும் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில் குழந்தைத் தலையளவு ஒரு பூட்டு.

"ஏம்மா, இவ்வளவு நேரம் எங்கே போயிட்டே?" அவர்தான் முந்திக்கொண்டு கோபித்தார். "பெரிய கோட்டையாம்! பூட்டு இறுகிப்போய் மூணு மாசமாக் கதவைக் கயித்தால கட்டி வச்சிருக்காங்க. வெட்கக்கேடு!"

"ஐயா எங்கேயும் போகலைங்க," என்றார் காவலாளி. "என்னையும் நகர விடலை. அதைப் பிடி, இதைப் பிடின்னு ஒரே வேலை."

வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவை விட்டுவிட்டுத் தபாலம்மா பூட்டைக் குனிந்து பார்த்தார்.

"திறந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் சாவியைத் திருப்பினார். கடக்கென்று பூட்டு வாய் திறந்தது. தபாலம்மா அப்படியே படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

திரும்பும்போது அவரை முன்வரிசையில் மனைவியருகே உட்காரவைத்தார்கள். வழிகாட்டிப் பெண் ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

அன்று இழந்தவை: பார்க்காத கோட்டைகள் இரண்டு, மதிய உணவு ஒரு வேளை, எலுமிச்சம்பழம் ஒன்று, ஆறு மாதம் காத்த ரகசியம் ஒன்று. ஆள் குறைவில்லை.