கெரிட்டின் இரண்டு கார்கள்

புல்வெட்டும் இயந்திரத்தை இடித்துவிடக் கூடாதே என்று காரைக் கவனமாக நிறுத்தி, இறங்கி, கதவுப் பொத்தானை அழுத்தினேன். என் ஷெட்டின் கதவு மெதுவாக இறங்கி, வெளியே மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த அதன் வாலின் மேல் உட்கார்ந்தது. 1959ஆம் வருடத்து கேடிலாக். அதுவும் என்னுடையதில்லை, என் நண்பன் கெரிட்டுடையது. புல்வெட்டும் இயந்திரத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கெரிட் வந்தான். குனிந்து, வளைந்த வாலைத் தடவினான்.

"விடுடா ரஸ்ஸல். தகரம்தானே, தட்டினா சரியாயிடும்."

திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

விஷயம் இதுதான். கெரிட்டும் அவன் மனைவி நோர்மாவும் ஒரே ஒரு கார் நிற்கும் சின்ன வீட்டுக்கு மாறுகிறார்கள். இருக்கும் இரண்டில் ஒன்று எனக்கு. "ரெண்டையும் ஓட்டிப் பாரு, பிடிச்சதை எடுத்துக்கோ" என்றான். எனக்கா, நான்கு சக்கரம் இருந்தால் காதல் வந்துவிடும். ஆனால் அவன் உயிரையே வைத்திருக்கும் காரை நான் தள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது. அது எது என்று அவன் சொன்னால்தானே! மேற்கு மிஷிகன்காரர்கள் நாங்கள். தட்டில் கடைசித் துண்டு கேக் இருந்தால் "நீ எடுத்துக்கோ, நீ எடுத்துக்கோ" என்றே காயவிட்டுவிடுவோம்.

சனிக்கிழமை, வால் நிமிர்ந்த கேடிலாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற லிங்கனைச் சுற்றிவந்தேன். 1961 கான்டினென்டல், கறுப்பு. கேடிலாக் கல்யாணத்துக்கு வரும் பணக்கார அத்தை. உடம்பெல்லாம் குரோம், வருவது நாலு தெருவுக்குத் தெரியும். லிங்கன் நீதிபதி, நகைநட்டு கிடையாது, இஸ்திரி போட்ட கோட்டு மாதிரி நேரான உடம்பு. பின்கதவுகள் மட்டும் எதிர்ப்பக்கமாகத் திறந்து, வாங்க வாங்க என்று கையை விரிக்கும்.

"எதுடா நல்லா ஓடும்?"

"கேடிலாக் மெத்தை மாதிரி போகும்."

"அப்போ லிங்கன்?"

"அதுவும் நல்ல வண்டி."

"வீடு தீப்பிடிச்சா எதைடா முதல்ல வெளியே எடுப்பே?"

"நோர்மாவை."

"சாவி ரெண்டும் கிடைச்ச அப்புறமா?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து நோர்மாவின் குரல் வந்தது.

கெரிட் சிரித்துக்கொண்டே துடைக்கும் துணி எடுக்க உள்ளே போனான். நோர்மா காபியோடு வெளியே வந்து, கோப்பையை கேடிலாக்கின் மூக்கின் மேல் டங்கென்று வைத்தாள். எங்கள் பழைய கார் கிளப்பில் இது கொலைக்குச் சமம்.

"நோர்மா, நீங்களாவது சொல்லுங்க. எதை எடுத்தா அவன் மனசு உடையாது?"

அவள் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"இதை எடுத்துட்டுப் போங்க. அவரோட அம்பதாவது பிறந்தநாளுக்கு நான் ஆசையா வாங்கிக் கொடுத்தது. அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. லிங்கன்ல ஏறினா விசிலடிச்சுக்கிட்டே ஓட்டுவார். இதுல ஏறினா சர்ச்சுல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பார். எனக்குத் தெரியாதுன்னே இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கார், பாவம். நீங்களும் போட்டுக் கொடுத்துடாதீங்க."