திருமூர்த்தி வைத்த ஆயுத பூஜை

ஆயுத பூஜையன்று அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் ஊர்த் தமிழர்கள் எதற்கெல்லாம் பொட்டு வைப்பார்கள் என்று ஒரு கணக்கே கிடையாது. காருக்கு, லேப்டாப்புக்கு, மிக்ஸிக்கு, புல் வெட்டும் மெஷினுக்கு. போன வருடம் ஒரு வீட்டில் ரோபோ வேக்குவத்துக்குப் பொட்டு வைத்தார்கள். அது சோபாவுக்கு அடியில் போய்ச் சந்தனத்தைத் தேய்த்துவிட்டு வந்தது. ஆனால் நிஜமான ஆயுதத்துக்குப் பூஜை போட்டவர் திருமூர்த்தி ஒருவர்தான். வினையும் அதில்தான் வந்தது.

அது ஒரு பழைய பம்ப் ஷாட்கன். அமெரிக்க ராணுவம் ஒரு காலத்தில் வாங்கி, பிறகு வேண்டாமென்று கழித்துவிட்டது. இரும்பில் 'யு.எஸ்.' முத்திரை, மரக்கட்டையில் எந்தச் சிப்பாயோ கத்தி முனையால் கீறிய இரண்டு எழுத்து. மனைவி வள்ளி இறந்துபோன மறுவருடம், ஆபீசில் ஒருவர் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப் போனபோது பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. ஞாயிறு காலையில் தோளில் கட்டையை அழுத்தி, "புல்!" என்று இங்கிலீஷில் கத்தினால், குறிபார்த்துச் சுட ஒரு களிமண் தட்டு பறக்கும். வாரம் முழுக்க அவர் வாய்விட்டுச் சொல்லும் சொல் பெரும்பாலும் அது ஒன்றுதான். குழல் குட்டை, ரவை சீக்கிரம் சிதறிவிடும், பாதித் தட்டுகள் சிரித்துக்கொண்டே தப்பிப் போகும். ரேஞ்சுக் கிழவர்கள் அந்த 'வார் கன்'னைப் பார்க்கச் சுற்றி நிற்பார்கள். அவருடைய பெயர் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதுவே போதும் என்றுதான் இருந்தார்.

வள்ளி இருந்தவரை ஆயுத பூஜை மாலையில் எல்லோரும் கூடுவது அவர்கள் வீட்டில்தான். பொரி, கடலை, சுண்டல், கார்பெட் முழுக்க மிதிபட்ட பொரி. அவளுக்குப் பிறகு வாசல் மணி அடிப்பவர் டெலிவரிக்காரர் மட்டுமே. இந்த வருடம் துணிந்து வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோரையும் கூப்பிட்டார். வருகிறோம் என்றார்கள். எடிசன் இந்தியக் கடைத்தெருவுக்குப் போய் ஊருக்கே போதுமான பொரி வாங்கி வந்தார்.

காலையில் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு, கட்டையில் சந்தனம், குங்குமம் வைத்து, மேலே ஒரு சாமந்திச் சரம் சாத்தினார். அழகாகத்தான் இருந்தது. படம் எடுத்து, 'மாலை குழந்தைகளோடு வந்துவிடுங்கள்' என்று எழுதிக் குழுவில் போட்டார். துப்பாக்கியும் குழந்தைகளும் ஒரே செய்தியில்! வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ள இந்த மனிதருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வள்ளி இருந்திருந்தால் போனைப் பிடுங்கியிருப்பாள்.

புது கார் படத்துக்கு வரிசையாகக் கைகூப்பும் குழு அப்படியே வாயை மூடிக்கொண்டது. மதியத்துக்கு மேல் ஒவ்வொன்றாக வந்தது. ஒரு வீட்டில் காய்ச்சல், ஒரு வீட்டில் டான்ஸ் கிளாஸ், ஒருவருக்குத் திடீரென்று மீட்டிங். மிச்சப் பேர் பொய் சொல்லவும் மெனக்கெடவில்லை. இருட்டியபோது திருமூர்த்தி ஆறிப்போன சுண்டலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவமானமாக இருந்தது. அதைவிடப் பசித்தது, ஆனால் தனியாகச் சாப்பிட மனசு வரவில்லை.

மணி அடித்தது. குழுவில் இருக்கும் மாளவிகா. புருஷனும் மகளும் இல்லாமல் தனியாக வந்திருந்தாள்.

"வா அம்மிணி, வா. மாதவும் தீக்ஷாவும் வரலையா?"

"நான் மட்டும்தான் அங்கிள்." அவள் செருப்பைக் கழற்றவில்லை. "அந்த கன் எங்க?"

"பூஜை முடிஞ்சதுமே சேஃப்ல வெச்சுப் பூட்டிட்டேன். கொழந்தைக வர்ற வீடு, எனக்குத் தெரியாதா? எல்லாரும் பயந்துட்டாங்களாட்ட இருக்குது."

"அவங்க எல்லாம் கிட்ஸை நெனச்சு பயந்தாங்க. நான் உங்கள நெனச்சு பயந்தேன். ஆன்ட்டி போனப்புறம் நாங்க யாருமே எட்டிப் பாக்கல. தனியா இருக்கீங்க, வீட்ல இது வேற. காலைலேர்ந்து எனக்கு வேலையே ஓடல அங்கிள்."

"அட, அது தட்டு சுடறதுக்கு அம்மிணி!" என்று சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

"சேஃப் சாவிய என்கிட்ட குடுங்க. சண்டே காலைல எங்க வீட்ல காபி குடிச்சிட்டு வாங்கிட்டுப் போங்க. ரேஞ்ச்லேர்ந்து வந்து திருப்பிக் குடுங்க. வரலைன்னா நான் டிரைவ் பண்ணிட்டு இங்க வந்து நிப்பேன்."

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தலை நரைத்தவனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். தீக்ஷாவுக்கு என்று ஒரு பை நிறையப் பொரியும் கொடுத்தனுப்பிக் கதவைச் சாத்தினார்.

சாத்திய கதவிலேயே சாய்ந்து நின்றார். வள்ளியின் படத்துக்குப் பின்னால் மாற்றுச் சாவி ஒன்று இருந்தது. போன பனிக்காலத்தில், பனி கொட்டி ரேஞ்சும் மூடிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தட்டு சுடுவதற்காக அல்ல. பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். கலிபோர்னியாவில் இருக்கும் மகன் ரஞ்சித்குமாருக்குக்கூட அது தெரியாது.

படத்தின் பின்னால் கைவிட்டு அதை எடுத்தார். வேட்டியை மடித்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே ஓடினார். மாளவிகா காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் தட்டினார்.

"இன்னொண்ணு இருக்குது அம்மிணி. இதையும் நீயே வெச்சுக்கோ."

அவள் சாவியைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அவர் ஜன்னலைவிட்டுக் கையை எடுக்கவில்லை. கால் சில்லிட்டது.

"ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வரட்டும்?" என்று கேட்டார்.