ஜன்னலுக்கு அடித்த ஆணி

அம்மா போய்ச் சேர்ந்த வாரமே அப்பா பின்னறை ஜன்னலுக்கு ஆணி அடித்துவிட்டார். திறந்து வைத்தால் அவள் வாசனை வெளியே போய்விடுமாம். சொன்னால் கேட்கிற ஆளா அவர்? ஆயுசு முழுக்க மின்கம்பம் ஏறி இறங்கிய மனுஷன், ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். அம்மாவின் மர அலமாரியைச் சுவரோடு ஒட்டத் தள்ளி, அதன் பக்கத்திலேயே கட்டிலையும் போட்டுக்கொண்டார். படுக்கும்போது அவளுடைய கம்பளிச் சால்வையை அலமாரியிலிருந்து எடுத்து முகத்தில் போர்த்திக்கொண்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

மகள் வாரத்துக்கு ஒரு நாள் வருவாள். தையல் கூடத்தில் குனிந்தே கிடந்து இடுப்பு கழன்று போயிருக்கும். ஆனாலும் செருப்பைக் கழற்றிய கையோடு பின்னறைக்குப் போய் மூக்கு நிறைய இழுப்பாள். ஈர மண்ணும் பழைய துணியும் கலந்தாற்போல ஒரு வாசனை. கண் கலங்கிவிடும்.

"இருக்கா பாத்தியா?" என்பார் அப்பா, ஏதோ அம்மா பக்கத்து வீடு வரைக்கும் போயிருக்கிற மாதிரி.

"இருக்காப்பா" என்பாள் மகள்.

அந்த வீட்டிலேயே பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்த அவள் தம்பிக்குத்தான் எரிச்சல். பஸ் ஓட்டுகிறவன், பொறுமை கொஞ்சம் மட்டு. அலமாரிக்கு மேலே சுவரில் கறுப்புப் புள்ளிகள் கிளம்பியபோது, "ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சா போச்சு" என்று வெள்ளையைப் பூசினான். அலமாரியை நகர்த்த அப்பா விடவில்லை, சுற்றியே பூசினான். மழைக்காலம் முடிவதற்குள் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, புள்ளிகள் முன்னைவிடப் பெரிதாக எட்டிப் பார்த்தன.

"உன் பெயிண்டையும் தின்னுட்டு வந்திருக்குடா" என்று அக்கா சிரித்தாள். சிரிக்கிற விஷயமா அது? ஆனால் அன்றைக்குச் சிரித்தாள்.

அப்பாவுக்கு இருமல் வந்தது. வயசாச்சு, இருமல் வரத்தானே செய்யும் என்று எல்லோரும் சேர்ந்து சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அப்புறம் மூச்சு வாங்கியது. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனவர், பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தம்பி அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

டாக்டரம்மா நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, செய்தி கேட்டு ஓடி வந்திருந்த மகளிடம் கேட்டார். "வீடு பழசா?"

"தாத்தா காலத்து வீடு டாக்டர்."

"சுவத்துல ஈரம், கறுப்புப் புள்ளி?"

"கொஞ்சம் இருந்துச்சு. மேல பெயிண்ட் அடிச்சிட்டோம்."

"பெயிண்ட் அடிச்சா அது உள்ள செத்தா போயிடும்? சரி, மக்கின வாடை ஏதாவது அடிக்குதா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர்" என்று மகள் அடித்துச் சொன்னாள். பொய் சொல்லவில்லை, பாவம். அவளுக்கு அப்படித்தான் தெரியும்.

வார்டுக்குத் திரும்பினால் நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "இந்தப் பை யாருதும்மா? ஒரே பூஞ்சை நாத்தம்! மூச்சு விட முடியாத ஆளுங்க படுத்திருக்கிற இடத்துல இதையா கொண்டு வந்து வைப்பீங்க? தூக்குங்க முதல்ல!"

அப்பாவின் பை. மகள் திறந்தாள். உள்ளே அம்மாவின் சால்வை. அந்த அவசரத்திலும் மனுஷன் சைகை காட்டியாவது அதை எடுத்து வர வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியின் வெள்ளை வெளிச்சத்தில் மடிப்பை விரித்தால், சாம்பல் தூவிய மாதிரி ஒரு படலம். அதே வாசனை. அட கடவுளே, இதையா மோந்து மோந்து அழுதோம்? மகள் அதைப் பைக்குள் திணித்து வாயை இறுக்கிக் கட்டினாள்.

"அந்த அறையில இனி அவர் படுத்தார்னா நுரையீரல் தாங்காது" என்றார் டாக்டரம்மா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "நான் மருந்து குடுத்துக்கிட்டே இருக்கலாம், நீங்க சவப்பெட்டிக்குச் சொல்லி வெச்சுக்கலாம். அவ்வளவுதான்."

அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அக்காளும் தம்பியும் காரியத்தில் இறங்கினார்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, மூக்கிலும் வாயிலும் இறுக்கித் துணி கட்டிக்கொண்டார்கள். தம்பி ஆணிகளைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தான். இரண்டு பேருமாக அலமாரியை இழுத்தார்கள். பின்னால் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குச் சுவர் கறுத்து, மயிர் முளைத்தாற்போல் கிடந்தது. அலமாரியின் முதுகுப் பலகையில் அக்கா விரல் வைத்தாள், உள்ளே போய்விட்டது.

தம்பி பிரஷ்ஷை எடுத்து வறட் வறட்டென்று தேய்க்கப் போனான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"காய்ஞ்சபடி தேய்க்காதடா, வீடு முழுக்கப் பறக்கும். தண்ணி தெளிச்சு ஈரத்துணியால துடை. துடைச்ச துணியைப் பையில போட்டுக் கட்டு."

வெளியே போய்ப் பார்த்தால், கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் அந்தச் சுவர் பக்கம் வெடித்திருந்தது. மழைத்தண்ணீர் அத்தனையும் சுவருக்குள்தான் இறங்கியிருக்கிறது. குழாயை மாற்றி, ஊறிப்போன பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்துக் காயவிட்டார்கள்.

அலமாரியிலிருந்த அம்மாவின் துணிகளை அவளே எடுத்தாள். துணியோடு பிழைக்கிறவள், ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தாள். தொட்ட இடமெல்லாம் இற்றுப் போயிருந்தது. பைகளில் திணித்து வாயைக் கட்டினாள். தம்பி தூக்கிக்கொண்டு போனான். சால்வை மட்டும் கெட்டியாக இருந்தது. அதை வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு அலசி, மறுபடி அலசி, உச்சி வெயிலில் காயப்போட்டாள். அப்பாவுக்கு இதையாவது கொடுக்கலாம் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

வீட்டுக்கு வந்த அப்பா பின்னறை வாசலிலேயே நின்றுவிட்டார். செங்கல் சுவர், திறந்த ஜன்னல், உள்ளே வெயில்.

"எங்கடி அவ?" என்றார்.

"அது அம்மா வாசனை இல்லப்பா. பூஞ்சை. அதுதான் உங்க நெஞ்சைப் புடிச்சுது."

"அவகூட ஒரே கட்டில்ல படுத்தவன் நான். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்."

சுருக்கென்று தைத்தது. சால்வையை நீட்டினாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து அதை முகத்தில் வைத்து ஆழமாக இழுத்தார். எத்தனையோ மாதம் கழித்து அந்த மூச்சு விசில் அடிக்காமல் உள்ளே போனது. மறுபக்கம் திருப்பி மோந்தார். ஒரு ஓரத்தைப் பிடித்து மோந்தார். பிறகு இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பவர் போல ஒழுங்காக மடித்து அவள் கையில் வைத்தார்.

"இது யாரோடதும்மா?"

"அம்மாவோடதுப்பா."

அவர் இல்லை என்று தலையாட்டினார். அவளும் முகத்தில் வைத்துப் பார்த்தாள். சோப்பும் வெயிலும்தான் இருந்தன. அம்மாவின் நிஜ வாசனை என்ன? அவள் உயிரோடு, வேலையும் கையுமாக இருந்தபோது எப்படி இருந்தது? கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். எவ்வளவு துழாவினாலும் அந்தக் கறுத்த சுவரின் நெடிதான் வந்தது.

அப்பா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். கொண்டியில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரே அதைத் திறந்துவிட்டார்.