வெளியே வராத புழுக்கள்

அன்று ஆய்வகத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். சன்னலோரம் பேராசிரியர் ரிச்சர்ட். கம்ப்யூட்டர் முன்னால் ஆய்வு மாணவன் ஜெஃப்ரி. கதவருகே ஸ்டூலில் பொன்மலர். நடுமேசையில் சமோசாப் பொட்டலம்.

வேலூரில் உட்கார்ந்துகொண்டு அந்தமான் கடலைக் கணக்கெடுப்பது பொன்மலரின் வேலை. அங்கே பவளப்பாறையில் கிறிஸ்துமஸ் மரம்போலக் கொண்டை விரிக்கும் ஒரு புழு உண்டு. உல்லாசத்துக்கு டைவிங் போகிறவர்கள் கிட்டே வந்தால் பொந்துக்குள் சுருங்கிவிடும். மறுபடி விரிய எத்தனை விநாடி என்று வீடியோ பார்த்து எழுத வேண்டும். நேரம் கூடினால் கடலுக்குத் தொல்லை ஜாஸ்தி. சராசரி பதினெட்டே விநாடி என்றது இவர்கள் அனுப்பிய அறிக்கை. அதை நம்பி, இரண்டு படகுக்கு இருந்த அனுமதியை அந்தமான் அதிகாரிகள் ஆறாக்கிவிட்டார்கள். அறிக்கை ஏற்கப்பட்டதற்குத்தான் சமோசா.

"அக்கா, இன்னா இது? 'ரிஜெக்ட்'னு ஒரு ஃபோல்டர்ல நூத்திப் பன்னெண்டு வீடியோ கீது?" என்றான் ஜெஃப்ரி.

"அதுல புழு வெளியவே வர்லப்பா. அதுக்குள்ள படம் முடிஞ்சிடுது. இன்னா நம்பர் போடறது? ஒதுக்கி வெச்சேன்."

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் தோல் தரம் பிரித்தவள் அவள். கீறல் விழுந்தது தனியே போகும். நல்லதை மட்டும் எண்ணுவார்கள். கைப்பழக்கம் கூடவே வந்துவிட்டது.

ஜெஃப்ரி கடித்த சமோசாவைக் கீழே வைத்தான். "ரொம்ப பயந்ததை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, பயம் தெளிஞ்சதை மட்டும் எண்ணிக்கீறீங்கக்கா."

பொன்மலர் எழுந்து திரைக்கு முன்னால் வந்தாள்.

"நானும் தெறந்து பாத்திருக்கணும்மா," என்றார் ரிச்சர்ட். "விடுங்க, அடுத்த வருஷ ரிப்போர்ட்ல சரி பண்ணிக்கலாம். இப்ப சொன்னா உங்க வேலை போயிடும்."

வேலை போனால் மறுபடி ஆம்பூர் பஸ்தான்.

"அதுவரைக்கும் ஆறு படகும் போய்க்கினே இருக்குமே சார்," என்றாள் பொன்மலர்.

"மெயில் போட்டுடலாமாக்கா?"

"அதையும் போடு. அனுமதியை நிறுத்தணும்னா கையெழுத்து வெச்ச காகிதம் கேப்பாங்க."

பொன்மலர் கடிதம் எழுதினாள்: தேதி, பொருள், வரிசை எண்ணோடு நூற்றுப் பன்னிரண்டு வீடியோவின் பட்டியல். கீழே, 'இவற்றை விலக்கியவள் நான். சராசரி தவறு. புதிய அனுமதியை நிறுத்திவைக்க வேண்டுகிறேன்.' ரிச்சர்ட் இரண்டு முறை படித்தார். அவள் கையெழுத்துக்குக் கீழே தானும் கையெழுத்திட்டார்.

தபால் நிலையத்தில் உறையின் வாயை ஒட்டிக் கட்டைவிரலால் நீவினாள். தோலில் குறை தேடுகிற அதே நீவல். ஷூ கம்பெனியில் குறையைக் கண்டுபிடித்தால் தூக்கிப் போடுவாள்.

"அந்தமானா? ஆறேழு நாள் ஆவும்மா," என்றார் தபால் ஊழியர்.

ஏழு நாள், ஆறு படகு என்று மனம் தானாகவே பெருக்கத் தொடங்கியது.

"பரவால்ல சார், போடுங்க."

முத்திரை குத்தி, உறையைப் பின்னாலிருந்த சாக்கில் போட்டார் அவர்.