கிரேட்டாவின் நாடித்துடிப்பு

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கி, அந்தக் காரணத்தாலேயே ராங்கில் கீழே இறங்க முடியும். இதைக் கேட்டு இங்கே யாரும் சிரிப்பதில்லை. வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிப் பேசும் அதே முகத்தோடு பேசுவார்கள்.

கணக்கு ரொம்ப எளிது. கடினமான பாடத்தில் ‘ஏ’ வாங்கினால் ஐந்து புள்ளி. சாதாரணப் பாடத்தில் ‘ஏ’ வாங்கினால் நான்கு. லோவல் ஹோலன்பெக்கின் மகள் கிரேட்டா கடினமான பாடங்களாகவே எடுத்து, சராசரி நாலே முக்காலில் நின்றாள். வகுப்பில் இரண்டாம் இடம். இந்நிலையில் அவள் உடற்பயிற்சி வகுப்புக்குப் போய், கயிறு ஏறி, பந்து எறிந்து, வாத்தியார் மனம் குளிர ‘ஏ’ வாங்கினால் என்ன ஆகும்? நான்கு புள்ளி வந்து நாலே முக்காலைக் காலைப் பிடித்து இழுக்கும். உடற்பயிற்சி இல்லாமல் பட்டமும் கிடையாது. ஆரோக்கியம் இவ்வளவு ஆபத்தானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

எனக்கு இந்தக் கவலை இல்லை. என் பையன் வெஸ்லியை ராங்க் வரிசையில் கண்டுபிடிக்க இரண்டாம் பக்கம் போகவேண்டும். நான் வீட்டுக் காப்பீடு விற்பவன். லோவல் பல் மருத்துவர், அதிலும் பற்களை வரிசைப்படுத்துகிறவர். ஊரில் பாதிப் பிள்ளைகளின் வாயில் இருக்கும் கம்பி அவர் போட்டதுதான். அதோடு, பள்ளி நுழைவாயிலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் நேர்மை உறுதிமொழியை எழுதிய பெற்றோர் குழுவுக்கும் அவர்தான் தலைவர். ‘பிறர் உழைப்பை என்னுடையதாகக் காட்டமாட்டேன்’ என்பது அதில் இரண்டாவது வரி. அந்த வரிக்கு மட்டும் மூன்று கூட்டம் நடந்ததாக அவரே சொல்லியிருக்கிறார், கேட்காமலேயே.

கோடை விடுமுறை தொடங்கிய வாரம், காலையில் நாயோடு நடக்கக் கிளம்பினேன். எதிரே லோவல் வியர்க்க விறுவிறுக்க வந்தார். பதினைந்து வருஷமாகப் பக்கத்து வீடு. அவர் கார் இல்லாமல் நகர்ந்து நான் பார்த்ததில்லை. மணிக்கட்டில் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை.

“என்னய்யா இது, பொண்ணு கைக்கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு அலையிற?”

“மெதுவாப் பேசு ரஸ்.” சுற்றிலும் பார்த்துக்கொண்டார். கேட்டது என் நாய் மட்டும்தான். “கோடையில இணையம் வழியா உடற்பயிற்சி முடிச்சிடலாம்னு பள்ளியில ஒரு வசதி இருக்கு. முடிச்சா தேர்ச்சின்னு மட்டும் போடுவாங்க. புள்ளி கிடையாது, சராசரியில சேராது. தினம் அரை மணி நேரம் இதயம் வேகமாத் துடிக்கணும். அதை இந்தப் பட்டை அளந்து நேரா உடற்பயிற்சி டீச்சர் மிஸ் கோவாச்சுக்கு அனுப்பிடும்.”

“துடிக்க வேண்டியது கிரேட்டா இதயம் இல்லையா?”

“அவளுக்கு எங்க நேரம்? காலையில ஆராய்ச்சிக்கூடம், மதியம் நுழைவுத்தேர்வுப் பயிற்சி, சாயங்காலம் அவ ஆரம்பிச்ச தொண்டு நிறுவனம்.”

“யாருக்குத் தொண்டு?”

“அது இன்னும் முடிவாகல.” மூச்சு வாங்கினார். “இதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல. நடைன்னா நடைதான். யார் நடந்தாலும் அதே தூரம்தானே. வேலையைப் பகிர்ந்து குடுக்கறதுன்னு சொல்வாங்க.”

இரண்டாவது வரியை நினைவுபடுத்தலாமா என்று யோசித்தேன். ஆனால் மனிதர் ஏற்கெனவே சிவந்துபோயிருந்தார்.

ஜூலை பாதியில் மிஸ் கோவாச் லோவல் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். அன்று மாலையே லோவல் என்னைக் கூப்பிட்டார். காப்பீட்டுக்காரனுக்குத்தான் எதையும் தப்பில்லாமல் எழுதத் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. போனேன். பின்பக்க மரத்தளத்தில் அடுப்பில் இறைச்சி கருகிக்கொண்டிருந்தது, யாரும் திருப்பவில்லை. லோவல், அவர் மனைவி கோரின், கிரேட்டா. நாலாவதாக, வெள்ளை வெளேரென்ற சட்டையில் ஆல்டன் ஸ்ப்ரேக். கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர். பிள்ளைகளை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை, ‘கதை’ என்பார். “உங்க கதையில ஒரு தொய்வு இருக்கு” என்று அவர் சொன்னால் பையனுக்கு ‘பி’ வந்திருக்கிறது என்று பொருள்.

“கிரேட்டாவோட இதயத்துடிப்பு தாறுமாறா இருக்காம்,” என்றாள் கோரின். “நடுநடுவுல விட்டு விட்டுத் துடிக்குதாம். இதய டாக்டர்கிட்ட சான்றிதழ் வாங்கிட்டு வர்ற வரைக்கும் பாடத்தை நிறுத்தி வெக்கிறோம்னுட்டாங்க.”

“பாடம் முடியலைன்னா ‘முழுமை பெறவில்லை’ன்னு போடுவாங்க ரஸ்,” என்றார் லோவல். “அவ மதிப்பெண் பட்டியல்ல. எழுத்துல.”

ஸ்ப்ரேக் இரண்டு கையையும் விரித்தார். “இருங்க இருங்க. இதை ஏன் கெட்ட சேதியாப் பாக்கறீங்க? இந்தப் பொண்ணுகிட்ட எல்லாம் இருக்கு, கஷ்டம் ஒண்ணுதான் இல்லைன்னு நான் வசந்த காலத்துலேர்ந்தே தலையில அடிச்சுக்கறேன். இப்பப் பாருங்க, பதினேழு வயசு, இதயக் கோளாறு. இதை வெச்சு நான் எழுத வெக்கிற கட்டுரையைப் படிச்சா சேர்க்கைக் குழு கைக்குட்டையைத் தேடும்.”

“என் இதயத்துக்கு ஒண்ணும் இல்ல, மிஸ்டர் ஸ்ப்ரேக்,” என்றாள் கிரேட்டா.

“அது உனக்கு எப்படிம்மா தெரியும்?”

ஸ்ப்ரேக்கின் பார்வை ஒவ்வொரு முகமாகச் சுற்றி வந்து, லோவலின் மணிக்கட்டில் வெயில் படாமல் வெளுத்திருந்த ஒரு வளையத்தில் நின்றது. அந்த ஆளுக்கு மூளை இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஒரு விநாடிதான் ஆனது.

“அப்படின்னா கடிகாரம் பழுது,” என்றார். “கடையில மாத்திக்கலாம். பொண்ணு டாக்டர்கிட்ட போனா நல்லா இருக்கான்னு சான்றிதழ் தருவாரு. கருவிக் கோளாறுன்னு மிஸ் கோவாச்சுக்கு ஒரு வரி எழுதிடுங்க. முடிஞ்சுது.”

லோவல் முகம் மலர்ந்தது. “நானும் அதான் நெனச்சேன். மலிவான சாமான் அது. எனக்கென்ன குறைச்சல்? குதிரை மாதிரி இருக்கேன்.”

“அப்பா,” என்றாள் கிரேட்டா, “கடிகாரம் நல்லா இருந்தா?”

“பழுதுன்னு இப்பத்தானே முடிவாச்சு.”

இதுதான் எனக்கு வியப்பு. ஒரு பொய்யை அடுத்தவனை நம்பவைக்க ஒரு வாரம் ஆகும். லோவல் தன்னையே நம்பவைக்க அரை நிமிஷம்தான் எடுத்துக்கொண்டார். அன்று இரவுச் சாப்பாட்டில் கருகின இறைச்சியை இரண்டு முறை போட்டுக்கொண்டு, மலிவான சாமான்களால் நாடு எப்படிக் கெட்டுப்போகிறது என்று எங்களுக்குப் பேசிக்காட்டினார்.

கிரேட்டாவின் இதயம் நன்றாகத்தான் இருந்தது. சான்றிதழ் வந்தது, புதுக் கடிகாரமும் வந்தது. ‘கருவிக் கோளாறு’ என்று எழுதிய கடிதத்தை லோவல் எனக்குப் படித்துக் காட்டினார். மிஸ் கோவாச் இன்னும் இரண்டு வாரம் பதிவு கேட்டார். லோவல் மறுபடி நடக்கத் தொடங்கினார். இந்த முறை ஸ்ப்ரேக் சொல்லிக்கொடுத்தபடி, மெதுவாக. துடிப்பு அதிகம் எகிறக்கூடாதாம்.

ஒரு காலை, எங்கள் தெரு முனையில் இருக்கும் ஏற்றத்தில், ஏற்றம் என்று அதைச் சொன்னால் ஏற்றமே கோபித்துக்கொள்ளும், லோவல் நின்றுவிட்டார். என் அஞ்சல் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். உதட்டைச் சுற்றி வெளிறியிருந்தது.

“உக்காருய்யா. டாக்டர்கிட்ட போகலாம், வா.”

“போய் என்ன சொல்றது? கடிகாரத்துக்கு உடம்பு சரியில்லைன்னா?” சிரிக்கப் பார்த்தார். “எதையாவது எழுதி வெச்சிடுவாங்க ரஸ், கடிகாரம் சரின்னு ஆயிடும். காலேஜ் விண்ணப்பம் போகட்டும். நவம்பர்ல பாத்துக்கலாம்.”

நான் தலையைத் தூக்கியபோது, ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகிற கிரேட்டாவின் கார் தெருவோரத்தில் நின்றிருந்தது. கண்ணாடி இறங்கியிருந்தது. அவள் எவ்வளவு கேட்டாளோ தெரியாது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள்.

மறுநாள் வெஸ்லியைக் கால்பந்துப் பயிற்சிக்குக் கொண்டுவிடக் கிளம்பினபோது எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அங்கிள், நானும் வரட்டா? மிஸ் கோவாச் இன்னிக்கு மைதானத்துல இருப்பாங்களாம்.”

வெஸ்லி பின்சீட்டில் அவளுக்கு இடம் விட்டான். “இரண்டாம் ராங்க் எங்க வண்டியில,” என்றான். “தொட்டா எனக்கும் ஒட்டிக்குமா?”

“சும்மா இருடா,” என்றாள் கிரேட்டா.

பள்ளியில் இறங்கியதும் என்னைப் பார்த்தாள். “நீங்களும் வாங்க அங்கிள். தனியாப் போனா பாதியில பேச்சை மாத்திடுவேன்.”

மிஸ் கோவாச் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஓடுகிற பையன்களைத் திட்டிக்கொண்டிருந்தார். கிரேட்டா போய் நின்று, ஒரே மூச்சில் சொன்னாள்: “மிஸ், அந்தக் கடிகாரம் பழுது இல்ல. அது சரியாத்தான் காட்டுச்சு. ஆனா கட்டியிருந்தது நான் இல்ல, எங்கப்பா.”

மிஸ் கோவாச் வாய்க்குக் கொண்டுபோன விசிலைக் கீழே விட்டார்.

“ஜூன்லேர்ந்தா?”

“ஆமா மிஸ்.”

“எனக்கு சந்தேகம்தான். பதினேழு வயசுப் பொண்ணு தெருக்கோடி வரைக்கும் போக அவ்வளவு நேரம் எடுக்கமாட்டா.” நின்று பார்த்த பையன்களை ஓடச்சொல்லிக் கைகாட்டினார். “இது முதல்வர்கிட்ட போகும். இணைய வகுப்பு ரத்தாகும். செப்டம்பர்ல எல்லாரோடயும் வந்து ஓடணும், புள்ளி சேரும். ராங்க் இறங்கும். தெரிஞ்சுதான் சொல்றியா?”

“தெரியும் மிஸ். கணக்குப் போட்டுட்டேன். நாலோ அஞ்சோ எடம் போகும்.” ஷூ நுனியால் புல்லைக் கிளறினாள். “கடிகாரம் சரின்னு நீங்க சொன்னா எங்கப்பா டாக்டர்கிட்ட போவாரு. நான் சொன்னா போகமாட்டேங்கறாரு.”

மிஸ் கோவாச் அங்கேயே தொலைபேசியை எடுத்து லோவலைக் கூப்பிட்டார். நான் இருந்த இடத்துக்கு லோவலின் குரல் கேட்டது. வார்த்தை கேட்கவில்லை, சுருதி மட்டும். முதலில் பல் மருத்துவர், பிறகு குழுத் தலைவர், கடைசியில் வெறும் லோவல். மிஸ் கோவாச் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: “சரி டாக்டர், இன்னிக்கே போங்க.”

அன்று மாலை ஹோலன்பெக் வீட்டில் நடந்தது சுவர் தாண்டி எங்களுக்கும் வந்தது. “உன்னோட எதிர்காலத்தை நீயே தூக்கிக் குப்பையில போட்டுட்டே” என்று லோவல் நான்கு முறை சொன்னார். ஐந்தாவது முறை தொடங்கும்போது மூச்சு போதவில்லை. கோரின் காரை எடுத்தாள்.

இதயத்தின் தாளம் தப்பியிருந்தது. இப்படியே விட்டிருந்தால் ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கும் என்று சொல்லி, ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்தார்கள். நான் பார்க்கப் போனபோது, முதுகுப் பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கியில், ஊருக்கே பல் வரிசை கொடுத்தவர் படுக்கையில் சின்னவராகத் தெரிந்தார். டாக்டர் ஓர் இளம் பெண். லோவல் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: “என் வயசுக்காரங்கள்ல இந்த இதயம் எத்தனையாவது இடத்துல வரும்?”

“இந்த மாடியில படுத்திருக்கறவங்கள்லயா, வெளியில நடமாடறவங்கள்லயா?” என்றார் டாக்டர். லோவல் யோசித்தார். யோசித்தார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கிரேட்டா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் மகளும் இன்னும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. அவர் குடிக்கத் தண்ணீரைத் தேடினபோது, அவள் எழுந்து குவளையை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். குவளையோடு அவள் விரல்களையும் பிடித்துக்கொண்டு, விடாமல் குடித்தார். குடிப்பதற்கு அது வசதியான முறை இல்லை, கழுத்தெல்லாம் நனைந்தது. அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஸ்ப்ரேக் வேறொரு கதைக்குப் போய்விட்டார். முதல்வர், அவளாகவே வந்து சொன்னதால் பட்டியலில் கறுப்புப் புள்ளி வைக்கவில்லை. பள்ளி திறந்ததும் கிரேட்டா காலையில் முதல் வகுப்பாக உடற்பயிற்சிக்குப் போனாள். பூப்பந்து ஆட்டத்தில் வெஸ்லி அவளைத் தினமும் தோற்கடித்தான். அவன் வாழ்க்கையில் ஆறாம் ராங்கை வென்ற ஒரே பாடம் அது. விண்ணப்பங்கள் போயின. பதில் வசந்த காலத்தில்தான்.

அக்டோபரில் ஒரு மாலை, பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு. வரிசையில் நான் லோவலுக்கும் கோரினுக்கும் பின்னால் நின்றேன். மிஸ் கோவாச் தாளைப் பார்த்தார்.

“நல்ல பொண்ணு. முயற்சி பண்றா. ஆனா ஓட்டம் வரல, பந்து வந்தா கண்ணை மூடிக்கறா. ‘பி’ போட்டிருக்கேன்.”

லோவல் வாயைத் திறந்தார். கோரின் குதிகால் அவர் செருப்பின் மேல் இறங்கியதை நான் பார்த்தேன். வாய் மூடியது. மறுபடி திறந்தது.

“சரி,” என்றார்.

வாகன நிறுத்தத்தில் என் கார் பக்கம் வந்து நின்றார். மாத்திரை ஒத்துக்கொண்டதில் முகத்தில் நல்ல நிறம். கோரின் தூரத்தில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு குனிந்தார்.

“ஏன் ரஸ், அது ‘பி’ பிளஸ்ஸா, வெறும் ‘பி’யான்னு கேட்டிருக்கலாமோ?”